லைசென்ஸைப் போனில் கொண்டுவர: பெயரும் நம்பரும் சரியாக இருந்தால் பத்து நிமிடம், இல்லாவிட்டால் ஐந்து வாரம்

போன வருடம் ஒரு மாலை, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் வாகனச் சோதனை. பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். போன் கேலரியில் லைசென்ஸின் போட்டோ இருந்தது, எடுத்துக் காட்டினேன். "போட்டோ செல்லாதுங்க, டிஜிலாக்கர்ல இருந்தா காட்டுங்க" என்றார் அந்தக் காவலர். சாலையோரத்தில் நின்றபடியே ஆப்பை இறக்கிக் கணக்குத் தொடங்கப் பார்த்தேன். ஓடிபி வரவில்லை. ஆதாரில் இருந்தது நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். 500 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முடிய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் ஆப்பைத் தொட்ட நேரம் மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இருக்காது. மற்றதெல்லாம் ஆதாரில் நம்பர் மாற்றவும், லைசென்ஸில் பெயர் திருத்தவும் போன நாட்கள். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் வரிசை மாறிச் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டில் லைசென்ஸ் எடுத்தவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஆனால் லைசென்ஸ் போன்ற ஆவணங்களைப் போனில் காட்ட உதவும் அரசு ஆப்களான டிஜிலாக்கர், எம்பரிவாஹன் இரண்டும் நாடு முழுக்க ஒன்றுதான்.

1. ஆப்பை இறக்கும் முன் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்

டிஜிலாக்கரில் எல்லாமே ஆதார் ஓடிபியில்தான் நகரும். அந்த ஓடிபி ஆதாரில் பதிந்த நம்பருக்கு மட்டும்தான் வரும். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் சிம்முக்கு வராது.

ஆதார் ஆணையத்தின் தளத்தில் ஆதார் எண் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் எண்ணைப் போட்டால் வயது வரம்பு, மாநிலம் இவற்றோடு, இணைத்துள்ள கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் தெரியும். அது உங்கள் நம்பர்தானா என்று பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, ஒரு நிமிட வேலை.

நம்பர் மாறியிருந்தால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளலாம். ஆதார் சேவை மையம், சில அஞ்சலகங்கள், சில வங்கிக் கிளைகள், தாலுகா அலுவலக வளாகத்தில் இருக்கும் மையங்கள் எல்லாவற்றிலும் செய்கிறார்கள். நம்பர் மாற்றத்துக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. உங்கள் விரல் ரேகையும் ஆதார் எண்ணும் போதும். 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். கட்டியதும் ரசீது தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது என்று தளத்தில் பார்க்க முடியும். எனக்கு ஆறு நாளில் மாறியது. 30 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்குச் செய்து கொடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். அப்பா அம்மா ஆதாரில் பத்து வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த நம்பர் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் இப்போது வேறு யாரோ ஒருவர் கையில் இருக்கலாம். லைசென்ஸுக்காக இல்லாவிட்டாலும் அதை உடனே மாற்றுவது நல்லது. வங்கி, காஸ், ஓய்வூதியம் எல்லாம் அந்த ஓடிபியை நம்பித்தான் இருக்கின்றன.

2. ஆதாரையும் லைசென்ஸையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டிஜிலாக்கர் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதைப் போக்குவரத்துத் துறைப் பதிவில் உள்ள பெயரோடும் தேதியோடும் ஒப்பிடுகிறது. பொருந்தினால்தான் லைசென்ஸ் வரும். வடக்கே பெயர், குடும்பப் பெயர் என்று எழுதுபவர்களுக்கு இது பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் போய்விடுகிறது. நமக்கு இனிஷியல் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே விரிந்து, லைசென்ஸில் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு என்று ஒரே ஆள் நான்கு விதமாக இருக்கிறோம்.

ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவை:

தமிழில் உள்ள பெயர் முக்கியம் இல்லை, ஆங்கில எழுத்தில் உள்ளதைப் பாருங்கள். முத்து என்பதில் ஒரு அட்டையில் 'டி'க்குப் பிறகு 'ஹெச்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. லட்சுமியும் சுப்பிரமணியனும் எத்தனை விதமாக எழுதப்படுகின்றன என்று உங்களுக்கே தெரியும். அடுத்து இனிஷியல் எங்கே இருக்கிறது, ஒன்றா இரண்டா, புள்ளி இருக்கிறதா. பிறகு பிறந்த தேதி. பழைய ஆதாரில் வருடம் மட்டும் பதிவாகி, தேதி இல்லாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிக்கொண்ட பெண்கள் இரண்டு அட்டையும் எந்தக் காலத்தில் எடுத்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சின்ன வித்தியாசம் இருந்தால் உடனே திருத்தத்துக்கு ஓடாதீர்கள். இனிஷியல் இடம் மாறியிருந்தும் சிலருக்கு லைசென்ஸ் வந்துவிடுகிறது. என் மைத்துனனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. எனக்கு இனிஷியல் மாறியதோடு பெயரிலேயே ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. முதலில் முயன்று பாருங்கள், மறுத்தால் 8-ஆம் படிக்கு வாருங்கள்.

3. உங்கள் லைசென்ஸ் கணினிப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள்

போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் தளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து நிலையைப் பார்க்கலாம். இலவசம், ஆதார் தேவையில்லை. விவரம் வந்தால் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். அதே பக்கத்தில் செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். காலாவதியான லைசென்ஸ் போனில் இருந்தாலும் காலாவதியானதுதான். ஆகவே முதலில் புதுப்பித்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

எண்ணை எப்படி எழுதுவது என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம், பிறகு ஒரு இடைவெளி, லைசென்ஸ் கொடுத்த வருடம் நான்கு இலக்கம், கடைசியாக வரிசை எண் ஏழு இலக்கம். இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 16 இடம். இடைவெளியை இங்கே விடாமல், மாநில எழுத்துக்குப் பிறகு ஒரு சிறு கோடு போட்டு எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். பழைய லைசென்ஸில் வருடம் இரண்டு இலக்கமாக இருந்தால் நான்காக விரியுங்கள். வரிசை எண் ஏழு இலக்கத்துக்குக் குறைவாக இருந்தால் முன்னால் சுழியம் சேர்த்து ஏழாக்குங்கள். உதாரணமாக 12 என்று வருடமும் 123456 என்று எண்ணும் இருந்தால் 2012, அதை அடுத்து 0123456. நடுவில் இருக்கும் சாய்கோடுகளையும் மற்ற எழுத்துகளையும் விட்டுவிடலாம்.

இப்படி எழுதியும் "பதிவு இல்லை" என்று வந்தால், கையால் எழுதிக் கொடுத்த காலத்து லைசென்ஸாக இருக்கும். என் சித்தப்பாவுடையது அப்படித்தான், புத்தக வடிவில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றச் சொல்லி, லைசென்ஸ் கொடுத்த அதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும். 'பேக்லாக் என்ட்ரி' என்று கேளுங்கள், அங்கே அந்தப் பெயரைச் சொன்னால்தான் புரிகிறது. அசல் லைசென்ஸ், அதன் நகல், ஆதார் நகல், ஒரு கடிதம் கொண்டு போங்கள். வேறு ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருந்தாலும் பழைய பதிவேடு அங்கேதான் இருக்கும். சித்தப்பாவுக்கு இரண்டு முறை போக வேண்டி வந்தது. காலையில் அலுவலகம் திறந்ததும் போய்விடுங்கள், பதிவேட்டைத் தேடி எடுக்கவே நேரம் ஆகும்.

4. சரியான ஆப்பை இறக்குங்கள்

இரண்டே ஆப். டிஜிலாக்கர், எம்பரிவாஹன். இரண்டும் இலவசம். போனின் ஆப் கடையில் மட்டும் தேடி இறக்குங்கள். டிஜிலாக்கர் என்றால் வெளியிட்டவர் இடத்தில் தேசிய மின் ஆளுமைப் பிரிவின் பெயர் இருக்க வேண்டும்.

வாட்ஸாப்பில் "உங்கள் வண்டிக்கு சலான் வந்திருக்கிறது, இந்த ஆப்பில் பாருங்கள்" என்று ஒரு கோப்பு வரும். பரிவாஹன் முத்திரை எல்லாம் அழகாக இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி ஓடிபியை எடுத்துப் பணத்தைச் சுருட்டிவிடுவார்கள். இதில் பணம் இழந்தவர்கள் பலர். தவறி நிறுவிவிட்டால் போனின் இணையத்தை உடனே துண்டியுங்கள். இன்னொரு போனிலிருந்து வங்கிக்கும், இணையக் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். நேரம் கடத்தக் கடத்தப் பணம் திரும்பும் வாய்ப்புக் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நூறு ரூபாய் கொடுங்க, ஓடிபி சொல்லுங்க, நானே எடுத்துத் தரேன்" என்று சொல்பவர்கள் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் இருப்பார்கள். ஆதார் ஓடிபியை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். உதவி வேண்டுமென்றால் போனை உங்கள் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.

5. டிஜிலாக்கர் கணக்கு

பெயர், பிறந்த தேதி, பாலினம், கைபேசி எண் கேட்கும். ஆதாரில் உள்ளபடி போடுங்கள். ஆறு இலக்க ரகசிய எண் (பின்) ஒன்றை நீங்களே வைக்க வேண்டும். பிறந்த வருடத்தையோ வண்டி நம்பரையோ வைக்காதீர்கள். பிறகு ஆதார் எண், ஓடிபி. அந்த ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும். வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தினால் பழையது எது, புதியது எது என்று குழம்பிவிடும். ஒருமுறை அழுத்திவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்.

பல வருடத்துக்கு முன், கல்லூரிச் சேர்க்கைக்கோ தடுப்பூசிச் சான்றுக்கோ கணக்குத் தொடங்கி மறந்திருப்பீர்கள். "ஏற்கெனவே கணக்கு இருக்கிறது" என்று வந்தால் புதிதாகத் தொடங்கப் போராடாதீர்கள். "பின் மறந்துவிட்டது" என்பதை அழுத்தி, ஆதார் ஓடிபி வாங்கிப் புதிய பின் வைத்துக்கொள்ளலாம்.

6. லைசென்ஸை எடுப்பது

தேடும் இடத்தில் போக்குவரத்து அமைச்சகத்தின் ஓட்டுநர் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் தானாக வந்திருக்கும். லைசென்ஸ் எண்ணை 3-ஆம் படியில் சொன்னபடி எழுதி, ஒப்புதல் கட்டத்தில் குறியிட்டு, ஆவணத்தைப் பெறு என்று அழுத்துங்கள். பொருந்தினால் சில நொடியில் "வழங்கப்பட்ட ஆவணங்கள்" பகுதியில் வந்து உட்காரும்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. டிஜிலாக்கரில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று துறையே நேரடியாக அனுப்பிய ஆவணங்கள் இருக்கும் இடம். மற்றது நீங்களே ஸ்கேன் செய்தோ போட்டோ எடுத்தோ ஏற்றிவைக்கும் இடம். லைசென்ஸ் வரவில்லை என்றதும் பலர் போட்டோ எடுத்து இரண்டாவது இடத்தில் ஏற்றிவிட்டு "டிஜிலாக்கரில் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அதற்கு நகல் எடுத்த தாளுக்கு உள்ள மதிப்புதான். அசலுக்குச் சமம் என்று சட்டம் சொல்வது துறை வழங்கிய ஆவணத்தை மட்டும்தான். ரயிலிலும் இதே விதி. பரிசோதகரிடம் வழங்கப்பட்ட ஆவணங்களிலிருந்து ஆதாரையோ லைசென்ஸையோ காட்டினால் ஏற்பார், நீங்களே ஏற்றியதைக் காட்டினால் ஏற்கத் தேவையில்லை.

7. ஆர்சி, இன்சூரன்ஸ்

ஆர்சிக்கு, அதாவது வண்டியின் பதிவுச் சான்றுக்கு, வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணும் வேண்டும். சேசிஸ் எண்ணை முழுதாக அடிக்க வேண்டும், ஆர்சி அட்டையிலேயே இருக்கும். 17 இட சேசிஸ் எண்ணில் ஆங்கில 'ஓ', 'ஐ', 'க்யூ' மூன்று எழுத்தும் வரவே வராது. எனவே வட்டமாகத் தெரிந்தால் அது சுழியம், நெட்டுக்குத்தாகத் தெரிந்தால் அது ஒன்று. இது தெரியாமல் நான் நான்கு முறை தவறாக அடித்தேன்.

வண்டி அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் உங்கள் டிஜிலாக்கருக்கு வராது, உரிமையாளர் பெயரும் ஆதார் பெயரும் ஒப்பிடப்படும். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்களுக்கும் இதே நிலைதான். அப்படிப்பட்டவர்கள் ஆர்சி அட்டையை வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. விபத்து என்று ஒன்று வந்தால் பழைய உரிமையாளர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இன்சூரன்ஸ் விவரம் காப்பீட்டு நிறுவனங்களிலிருந்து போக்குவரத்துப் பதிவுக்குத் தானாகவே போகிறது. எம்பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். அங்கே சரியான தேதி தெரிந்தால் தாள் காட்டத் தேவையில்லை. புதுப்பித்த மறுநாளே பாருங்கள். பழைய தேதியே நின்றுகொண்டிருந்தால் பாலிசி நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பதிவேற்றச் சொல்லுங்கள்.

8. பெயர் பொருந்தவில்லை என்றால்

எனக்கு ஆனது இது. திருத்த வேண்டியது ஆதாரையா, லைசென்ஸையா? இதை முடிவு செய்யும் முன் ஒரு தாளை எடுத்து பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

ஆதாரில் உள்ளபடியே பானும் வங்கியும் இருந்தால் ஆதாரைத் தொடாதீர்கள். லைசென்ஸுக்காக ஆதாரை மாற்றினால் நாளை பான் இணைப்பு தகராறு செய்யும், பி.எஃப். பணம் எடுக்கப் போனால் நிற்கும். அதோடு ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அந்த வாய்ப்பை இதற்குச் செலவழிப்பது சரியல்ல என்பது என் கருத்து. மாறாக, எல்லா அட்டையும் ஒன்றுபோல் இருந்து ஆதார் மட்டும் தனித்து நிற்கிறது என்றால் ஆதாரைத்தான் திருத்த வேண்டும்.

லைசென்ஸில் திருத்த, பரிவாஹனின் சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய விதிப்படி விவர மாற்றத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். அட்டைக்கும் சேவைக்குமான தொகை அதற்கு மேல் சேரும், தளத்திலேயே மொத்தம் காட்டும், இணையத்திலேயே கட்டலாம். கட்டிய ரசீது, விண்ணப்பத் தாள், அசல் லைசென்ஸ், ஆதார், பிறந்த தேதியும் பெயரும் உள்ள பள்ளிச் சான்றிதழ், இவற்றை எடுத்துக்கொண்டு குறித்த நாளில் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்துப்பிழைக்குப் பள்ளிச் சான்றிதழ் போதும் என்றார்கள். பெயரையே மாற்றியவர்கள் அரசிதழ் நகலைக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள் போனபோது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகல்களில் நான் கையெழுத்துப் போடவில்லை, ஆதாரின் பின்பக்கத்தை நகல் எடுக்கவில்லை. அரை நாள் விடுப்பு வீண். இரண்டு செட் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு போங்கள். படம் கேட்காவிட்டால் பையில் இருந்துவிட்டுப் போகிறது.

இப்போது தமிழ்நாட்டில் லைசென்ஸ் அட்டையை நேரில் கொடுப்பதில்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு விரைவு அஞ்சலில்தான் வருகிறது. ஆகவே விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியும் கைபேசி எண்ணும் நீங்கள் இப்போது இருக்கும் இடத்துடையதாக இருக்க வேண்டும். வாடகை வீடு மாறியவர்கள் முகவரி மாற்றத்தையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். தபால்காரர் வந்தபோது ஆள் இல்லை என்றால் அட்டை திரும்பிப் போய்விடும், அதை மறுபடி வாங்குவது தனி அலைச்சல்.

எனக்கு அட்டை வருவதற்கு முன்பே பதிவில் பெயர் மாறிவிட்டது. டிஜிலாக்கரில் மறுபடி முயன்றபோது உடனே வந்தது. நீங்களும் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒப்புதல் ஆனதாகக் குறுஞ்செய்தி வந்த மறுநாள் முயன்று பாருங்கள்.

9. அதுவரை எம்பரிவாஹன்

இதை முன்பே தெரிந்திருந்தால் ஐந்து வாரம் அட்டையை நினைத்து நினைத்து எடுத்துப் போயிருக்க மாட்டேன். எம்பரிவாஹனில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் பொருந்தினால் போதும், ஆதார் பெயரோடு ஒப்பிடுவதில்லை. கைபேசி எண்ணில் பதிந்து, எண்ணைப் போட்டு, பிறந்த தேதியால் உறுதிப்படுத்தினால் உங்கள் லைசென்ஸ் க்யூஆர் குறியோடு வந்துவிடும். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியபோது டிஜிலாக்கர், எம்பரிவாஹன் இரண்டையும் சேர்த்தே அசலுக்குச் சமமாக ஏற்கச் சொன்னது. வண்டி ஓட்ட இது போதும். ரயில், விமான நிலையம் போன்ற இடங்களில் அடையாளத்துக்கு டிஜிலாக்கர்தான் சரி.

10. சாலையில் காட்டும்போது

மத்திய மோட்டார் வாகன விதி 139, ஆவணத்தைத் தாளாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்கிறது. எனவே மரியாதையாக, தயங்காமல் காட்டுங்கள். ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காட்டினால் மறுபடி போட்டோ கதைதான்.

போனைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. க்யூஆர் குறியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால் அவர்கள் கருவியில் படித்துக்கொள்வார்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரு ஆப்பை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. அதை வீட்டிலேயே இயக்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

விதிமீறலுக்காக லைசென்ஸைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் அதையும் இ-சலான் வழியாகப் பதிவிலேயே செய்வார்கள். அப்படிச் செய்தது ஆப்பிலும் தெரியும்.

நெட்வொர்க் இல்லாத இடம், சார்ஜ் தீர்ந்த போன், இவை இரண்டுக்கும் எந்த விதியும் உதவாது. மலைப்பாதைக்குப் போகும்போதும் இரவில் நெடுந்தூரம் போகும்போதும் நான் அட்டையை எடுத்துப் போகிறேன். நீங்களும் எடுத்துப் போங்கள்.

11. மற்ற அட்டைகளும், எங்கே செல்லும் எங்கே செல்லாது என்பதும்

டிஜிலாக்கர் திறந்த அன்றே ஆதாரும் பானும் எடுத்து வைத்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். வாக்காளர் அட்டையின் மின்னணு வடிவத்தைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம், அங்கேயும் கைபேசி எண் இணைந்திருக்க வேண்டும்.

ஓட்டுப்போடும் நாளில் மட்டும் போனை நம்பாதீர்கள். வாக்குச்சாவடிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

தங்கும் விடுதிகளில் ஆதார் நகல் கேட்பார்கள். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்தில் இறக்கி வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள். முழு எண் உள்ள படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிட்டு லைசென்ஸைக் காட்டுங்கள்.

வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு இந்த ஆப்கள் உதவாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ ஆபீஸில் தனியாக வாங்க வேண்டும், மத்தியக் கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே போய்விடுங்கள்.

12. எனக்கு ஆன செலவும் நாளும்

ஆதாரில் நம்பர் மாற்றம்: 75 ரூபாய், 6 நாள், அரை நாள் விடுப்பு.
லைசென்ஸில் பெயர் திருத்தம்: 200 ரூபாயும் அதன் மேல் அட்டை, சேவைக் கட்டணங்களும், இரண்டு அரை நாள் விடுப்பு, ஒப்புதலுக்கு மூன்று வாரத்துக்கும் மேல்.
டிஜிலாக்கர், எம்பரிவாஹன்: செலவு இல்லை, பத்து நிமிடம்.

நம்பர் மாற்றம் முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பித்தேன். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால் ஒரு வாரமாவது மிச்சமாகியிருக்கும்.

13. போன் மாற்றும்போதும், புதுப்பிக்கும்போதும்

ஆவணங்கள் போனுக்குள் இல்லை, கணக்கில் இருக்கின்றன. புதிய போனில் ஆப்பை இறக்கி, அதே நம்பர், அதே பின் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும். பழைய போனை விற்கும் முன் ஆப்பிலிருந்து வெளியேறிவிடுங்கள். போன் தொலைந்தால் சிம்மை முடக்கி, அதே நம்பரில் மாற்று சிம் வாங்கிய கையோடு டிஜிலாக்கர் பின்னை மாற்றுங்கள். நம்பரையே மாற்றப் போகிறீர்கள் என்றால், பழைய சிம் வேலை செய்யும்போதே டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் புதிய நம்பரைப் பதிந்துவிட்டு, ஆதார் மையத்துக்கும் போய்விட்டு வாருங்கள்.

லைசென்ஸைப் புதுப்பித்தாலோ முகவரி மாற்றினாலோ ஆப்பில் பழையதே நிற்கக்கூடும். அந்த ஆவணத்தைப் புதுப்பி என்ற இடத்தை அழுத்துங்கள். அப்படியும் மாறாவிட்டால் நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள், அட்டைக்கு எதுவும் ஆகாது. முடிவுத் தேதியைப் போன் காலண்டரில் மூன்று மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள். புதுப்பிக்க ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.